செல்லாது என்று துப்பிய காசுக்கு இருபது மடங்கு விலை... தெரியுமா?

அமெரிக்காவில் பெரிய சூப்பர் மார்க்கெட் பலவற்றில் வாசல் பக்கம் ஒரு பச்சைப் பெட்டி நிற்கும். ஜாடியிலும் டப்பாவிலும் வருஷக்கணக்கில் சேர்ந்த சில்லறையைக் கொண்டுபோய் அதன் தட்டில் கொட்டினால் போதும். சலசலவென்று உள்ளே இழுத்து, எண்ணி முடித்து, ஒரு சீட்டை நீட்டும். அந்தச் சீட்டைக் கல்லாவில் கொடுத்து நோட்டாக வாங்கிக்கொள்ளலாம். எண்ணிய கூலியாக நூறு டாலருக்குப் பன்னிரண்டு டாலருக்கும் மேல் பெட்டி பிடித்துக்கொள்ளும். கொள்ளைதான், ஆனாலும் கூட்டம் குறைவதில்லை!

அதே பெட்டியில் ஓரமாக ஒரு சின்னக் குழி இருக்கிறது. பெட்டிக்குப் பிடிக்காத காசுகள் அங்கே வந்து விழும். ரிஜெக்ட் தட்டு என்கிறார்கள். சீட்டு வந்த அவசரத்தில் பாதிப் பேர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தவர்களிலும் பலர், ‘செல்லாக்காசுதானே’ என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். நாணயம் சேகரிப்பவர்களோ பால் வாங்கப் போனாலும் சரி, பாத்திர சோப்பு வாங்கப் போனாலும் சரி, முதலில் அந்தக் குழிக்குள்தான் விரலை விடுகிறார்கள். ஏன்? அங்கே கிடப்பது பழைய வெள்ளிக்காசாக இருக்கலாம்!

மாணவரின் சில்லறை ஜாடியிலிருந்து பிறந்த பெட்டி!

காயின்ஸ்டார் என்ற இந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் யென்ஸ் மோல்பாக். ஸ்டான்ஃபோர்டில் மேலாண்மை படித்துக்கொண்டிருந்தவர். தன் அறையில் குவிந்த சில்லறையை என்ன செய்வது என்று யோசித்தவர், 1991இல் நிறுவனமே தொடங்கிவிட்டார். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரக் கடைகளில் முதலில் வைக்கப்பட்ட பெட்டிகள் பிறகு கனடா, பிரிட்டன் வரை போய் ஆயிரக்கணக்கில் பெருகின.

இந்தப் பெட்டிக்கு எழுத்து படிக்கத் தெரியாது என்பது தெரியுமா? ஆண்டும் தெரியாது, அச்சிட்ட தலை லிங்கனுடையதா எலிசபெத் ராணியுடையதா என்பதும் தெரியாது. அது பார்ப்பது காசின் அளவையும் உலோகத்தையும் மட்டும். மின்சுருள் ஒன்றின் காந்தப் புலத்தைக் கடந்து காசு ஓடும்போது காசுக்குள் சுழல் மின்னோட்டம் எழும். செம்புக்கு ஒரு மாதிரி, நிக்கலுக்கு ஒரு மாதிரி, துத்தநாகத்துக்கு வேறு மாதிரி. மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைக் கூட்டினால் காசின் மேல்தோல் மட்டும் தெரியும், குறைத்தால் உள்ளே இருப்பதும் தெரியும். இன்றைய காசின் அடையாளத்தோடு ஒத்துப்போனால் உள்ளே போகலாம். போகாவிட்டால், தட்டு!

இப்போது வெள்ளியை நினைத்துப் பாருங்கள். உலோகங்களிலேயே மின்சாரம் மிக எளிதாகப் பாய்வது வெள்ளியில்தான். செம்புகூட அதற்கு அடுத்த இடம்தான். ஆகவே பழைய வெள்ளிக்காசு வரும்போது இயந்திரத்துக்குக் கணக்கு உதைக்கிறது. ‘இது நம் காசு இல்லை’ என்று துப்பிவிடுகிறது. அதாவது, தகுதி குறைந்ததால் அல்ல, தகுதி கூடிப்போனதால் வெளியே தள்ளப்படுகிறது!

1964 என்ற ஆண்டை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்

அமெரிக்காவின் 10 சென்ட் காசுக்கு டைம் என்று பெயர். 25 சென்ட் காசு குவார்ட்டர். 1964 என்று ஆண்டு பொறித்தவை வரை இவை இரண்டும், அரை டாலரும், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, பத்துப் பங்கு செம்பு. ஒரு டைமில் 2.25 கிராம் வெள்ளி. ஒரு குவார்ட்டரில் ஐந்தரை கிராமுக்கும் மேலே. டிராய் அவுன்ஸ் வெள்ளி 30 டாலர் என்று வைத்துக்கொண்டாலே, பத்து சென்ட் முகமதிப்புள்ள டைமில் இரண்டு டாலருக்கு மேல் வெள்ளி இருக்கிறது. தலைப்பில் சொன்ன இருபது மடங்கு அதுதான். குவார்ட்டரோ ஐந்து டாலரைத் தாண்டும்.

நிறுத்தியது ஏன்? 1960களின் தொடக்கத்தில் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனது. அவுன்ஸ் 1.38 டாலரைத் தாண்டினால் காசை உருக்குவது லாபம் என்ற நிலை. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பதுக்கினார்கள். நாடு முழுக்கச் சில்லறைத் தட்டுப்பாடு. பதுக்கலைக் குழப்ப நாணயச் சாலை ஒரு தந்திரம் செய்தது: 1965 பிறந்த பிறகும் வெள்ளிக்காசுகளில் 1964 என்றே பொறித்துத் தள்ளியது! அதனால்தான் 1964 குவார்ட்டர்கள் மட்டும் 126 கோடி. இன்றைக்கும் தட்டுகளில் அகப்படும் வெள்ளியில் இந்த ஆண்டின் முகமே அடிக்கடி தெரிவதில் வியப்பில்லை.

1965 ஜூலை 23 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் புதிய நாணயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். டைமிலும் குவார்ட்டரிலும் வெள்ளி போயிற்று. அரை டாலரில் மட்டும் நாற்பது சதவீதமாகக் குறைந்து 1970 வரை தாக்குப்பிடித்தது. வெள்ளிக்காசைப் பதுக்கி யாரும் லாபம் பார்க்க முடியாது, அரசிடம் வேண்டிய அளவு வெள்ளி இருக்கிறது என்று ஜான்சன் அன்றைக்கு உறுதி கொடுத்தார். அதை நம்பாமல் ஒரு ஜாடி குவார்ட்டரைப் பரணில் போட்டுவைத்த தாத்தாக்களுக்குத்தான் பேரப்பிள்ளைகள் நன்றி சொல்ல வேண்டும். சில பேரப்பிள்ளைகள் அந்த ஜாடியை அப்படியே கொண்டுபோய்ப் பச்சைப் பெட்டியில் கொட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்!

இயந்திரத்தை ஏமாற்றவே வடிவமைத்த காசு!

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வெள்ளியை எடுத்துவிட்டு எதைப் போடுவது? எந்த உலோகத்தைப் போட்டாலும் ஒரு பெரிய தடை நின்றது. அமெரிக்கா முழுவதும் சிகரெட், சோடா, மிட்டாய் விற்கும் தானியங்கி இயந்திரங்கள் வெள்ளிக்காசுக்குப் பழகிப்போயிருந்தன. அவற்றுக்குள் ஒரு சரிவு, சரிவின் பக்கத்தில் ஒரு காந்தம். காசு உருளும்போது சுழல் மின்னோட்டம் அதன் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். சரியான வேகத்தில் வந்த காசு சரியான இடத்தில் போய் விழும். வேகம் தப்பினால் கள்ளக்காசு என்று திருப்பிவிடும். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, வெறும் சரிவும் காந்தமும்தான்!

ஒஹையோ மாநிலத்தின் பாட்டெல் ஆய்வு நிறுவனத்திடம் அரசு யோசனை கேட்டது. நடுவில் சுத்தமான செம்பு, இரண்டு பக்கமும் செம்பும் நிக்கலும் கலந்த தகடு, மூன்றையும் அழுத்தி ஒட்டிய அடுக்கு. எடை கொஞ்சம் குறைந்தது, 6.25 கிராம் குவார்ட்டர் 5.67 ஆனது. ஆனால் உள்ளே இருந்த செம்பு மின்சாரத்தில் வெள்ளியைப் போலவே நடந்துகொண்டதால், பழைய இயந்திரங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. வெள்ளியும் புதுக்காசும் ஒரே துளையில் ஒன்றாகச் செல்லுபடியாயின.

ஆக, 1965இல் இயந்திரத்தின் கண்ணில் வெள்ளி போலத் தெரிவதற்காகப் படைக்கப்பட்ட காசு அது. முப்பது ஆண்டுகள் கழித்துக் கூர்மையான உணர்கருவிகள் வந்தன. இரண்டையும் பிரித்துப் பார்த்தன. பார்த்துவிட்டு அசலை வெளியே தள்ளிவிட்டு நகலை வைத்துக்கொண்டன!

இதே வித்தையை 2000இல் இன்னொரு முறை செய்தார்கள் தெரியுமா? அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் புறப்பட்ட லூயிஸ்–கிளார்க் பயணக் குழுவோடு போன ஷோஷோனி பழங்குடிப் பெண் சகாஜவியாவின் உருவம் பொறித்த பொன்னிற டாலர் காசு வந்தது. செம்பு நடுவே, மேலே மாங்கனீசு கலந்த பித்தளை. பார்க்கத் தங்கநிறம், ஆனால் மின்காந்தத்தில் 1979இல் சூசன் ஆண்டனியின் உருவத்தோடு வந்த வெண்ணிற டாலரின் அச்சு அசல். மனிதர் கண்ணுக்கு இரண்டு காசு, இயந்திரத்துக்கு ஒரே காசு!

தட்டில் வேறு என்னென்ன விழும்?

1943 சென்ட்! உலகப் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஓர் ஆண்டு மட்டும் சென்ட்டுகளைத் துத்தநாகம் பூசிய இரும்பில் அடித்தார்கள். 109 கோடிக்கும் மேல். வெளுத்த நிறம், காந்தத்தில் ஒட்டும். அந்தக் காலத்து விற்பனை இயந்திரங்களே இதைக் கள்ளக்காசு என்று திருப்பின, இன்றைய பெட்டியும் திருப்புகிறது. எண்பது வருஷமாக எந்த இயந்திரமும் ஏற்காத காசு என்று சொல்லலாம். விலை பெரிதாக இல்லை, ஆனால் கையில் வைத்துப் பார்க்க அழகு.

இதே 1943இல் தவறிப்போய்ச் சில சென்ட்டுகள் பழைய செம்புக் கலவைத் தகட்டிலேயே அச்சாகிவிட்டன! இருபதுக்குச் சற்று முன்பின்தான் இதுவரை அறியப்பட்டுள்ளன. 1947இல் மாசசூசெட்ஸில் ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு மதிய உணவு வாங்கிய சில்லறையில் ஒன்று கிடைத்தது. அவர் அதை ஆயுள் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்தார். 2019 ஜனவரியில் ஏலத்தில் அது 2 லட்சத்து 4 ஆயிரம் டாலருக்குப் போனது. உடனே எல்லா 1943 சென்ட்டையும் தேடிப் போகாதீர்கள். இரும்புக்காசுக்குச் செம்புப் பூச்சு போட்டு விற்கும் ஆட்கள் ஏராளம். காந்தத்தில் ஒட்டினால் அது பூச்சு.

போர்க்கால நிக்கல் இன்னொரு விந்தை. 5 சென்ட் காசின் பெயரே நிக்கல், ஆனால் 1942 நடுவிலிருந்து 1945 வரை அதில் நிக்கலே கிடையாது! 35 சதவீதம் வெள்ளி, 56 செம்பு, 9 மாங்கனீசு. பின்பக்கத்தில் ஜெஃபர்சனின் மாளிகைக் கூரைக்கு மேலே பெரிய எழுத்து ஒன்று நிற்கும், அதுதான் அடையாளம். ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலை தன் எழுத்தை முதன்முதலாகக் காசில் போட்டது அப்போதுதான். இவற்றைச் சில பெட்டிகள் விழுங்கிவிடுகின்றன, சில துப்புகின்றன. எல்லா இயந்திரத்துக்கும் ஒரே கண் இல்லை.

கனடா காசு சொல்லவே வேண்டாம், குவிந்து கிடக்கும். பெரும்பாலும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டு மறந்துவிடலாம். ஆனால் 1966 வரையிலான கனடாவின் 10, 25, 50 சென்ட்டுகளில் குறைந்தது எண்பது சதவீதம் வெள்ளி. 1968இல் அந்நாடு சுத்த நிக்கலுக்கு மாறியது, நிக்கல் காந்தத்தில் ஒட்டும். ஆகவே எலிசபெத் ராணியின் தலையோடு ஒரு பழைய 25 சென்ட் காந்தத்தில் ஒட்டாமல் நழுவினால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

இவை போக மெக்சிகோ பெசோ, யூரோ சென்ட், விளையாட்டுக் கூடத்து டோக்கன், கார் கழுவும் கடை டோக்கன், சட்டைப் பொத்தான், போல்ட்டுக்குப் போடும் வாஷர், சில சமயம் மோதிரம்கூட!

டோக்கன் என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று: 1982 முதல் 1985 வரை நியூயார்க்குக்கும் கனெக்டிகட் மாநிலத்துக்கும் ஒரு டோக்கன் யுத்தமே நடந்தது! கனெக்டிகட் நெடுஞ்சாலைச் சுங்க டோக்கன் பதினேழரை சென்ட். நியூயார்க் சுரங்க ரயில் டோக்கன் 75 சென்ட். இரண்டும் ஒரே அளவு, ஒரே எடை! விடுவார்களா நியூயார்க்குக்காரர்கள்? பதினேழரை சென்ட் டோக்கனை வாங்கிப் போட்டு ரயிலேறினார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கனெக்டிகட் டோக்கன்கள் ரயில் கதவுப் பெட்டிகளில் சேர்ந்துவிட்டன. 1985இல் கனெக்டிகட் சுங்கத்தையே எடுத்துவிட்டதால் யுத்தம் ஓய்ந்தது. அடுத்த வருஷம் நியூயார்க், நடுவில் வேறு உலோகம் பதித்த புது டோக்கனைக் கொண்டுவந்தது. 2003இல் டோக்கன் முறையே போய்விட்டது. இன்று அவை சேகரிப்பாளர்களின் பொருள்.

விழுங்கிவிட்ட புதையல்கள்!

தட்டைப் பார்த்துவிட்டு இயந்திரத்தைப் பெரிய ரசிகன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு உலோகம்தான் தெரியும், அருமை தெரியாது. 1916இல் டென்வரில் அடித்த டைம் மொத்தம் 2 லட்சத்து 64 ஆயிரம்தான். தேய்ந்து மொழுக்கையானாலும் நூற்றுக்கணக்கான டாலர் பெறும். வெள்ளி என்பதால் அது தட்டில் விழுந்து பிழைக்க வழியுண்டு. ஆனால் 1909இல் சான் ஃபிரான்சிஸ்கோவில், வடிவமைத்தவரின் மூன்று முதலெழுத்துகளோடு வெளிவந்த லிங்கன் சென்ட்? 4 லட்சத்து 84 ஆயிரம் மட்டுமே அடிக்கப்பட்டது, சேகரிப்பாளர்கள் கனவில் காணும் காசு. அது செம்புக் கலவை. கொட்டினால், ஒரு சென்ட் என்று கணக்கில் ஏறி, எண்ணும் கூலியும் கழிந்து, போயே போய்விடும்!

1955இன் இரட்டை அச்சு சென்ட்டும் அப்படித்தான். எழுத்தும் ஆண்டும் இரண்டிரண்டாக, போதையில் பார்ப்பதுபோல் தெரியும். இவற்றில் பல எப்படி மக்கள் கைக்கு வந்தன தெரியுமா? அன்றைக்கு சிகரெட் பாக்கெட் 23 சென்ட், தானியங்கி இயந்திரமோ 25 சென்ட் குவார்ட்டர்தான் வாங்கும். மீதி இரண்டு சென்ட்டைப் பாக்கெட்டின் கண்ணாடித் தாளுக்குள்ளேயே செருகி வைத்திருந்தார்கள். புகைத்தவர்கள் தாளைக் கிழித்தபோது அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற அச்சுப் பிழை கையில் விழுந்தது.

புதுக்காசிலும் உண்டு. 2019, 2020 இரண்டு ஆண்டுகளில் வெஸ்ட் பாயிண்ட் நாணயச் சாலை, டபிள்யூ எழுத்து போட்ட குவார்ட்டர்கள் இரண்டு கோடியை, யாராவது தேடிப் பிடிக்கட்டும் என்றே புழக்கத்தில் கலந்துவிட்டது. இயந்திரம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும்.

இதைவிட வயிற்றெரிச்சல் வேண்டுமா? 2019இல் ஃபுளோரிடாவிலிருந்து வந்த செய்தி. குறைந்தது 33 ஆயிரம் டாலர் பெறும் அரிய காசுகளைத் திருடியதாகப் பிடிபட்டவர், அவற்றில் ஒரு பகுதியைச் சூப்பர் மார்க்கெட்டின் எண்ணும் இயந்திரத்தில் கொட்டி, முகமதிப்புக்கு மாற்றிக்கொண்டாராம். திருடினாலும் விவரம் வேண்டாமா!

விமான நிலையத்திலும் குப்பையிலும்

தட்டில் விட்டுப்போவது மட்டுமா? அமெரிக்க விமான நிலையங்களின் சோதனைத் தட்டுகளில் பயணிகள் மறந்துபோன சில்லறையும் நோட்டுமாக 2018 நிதியாண்டில் மட்டும் 9 லட்சத்து 60 ஆயிரம் டாலர் சேர்ந்தது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ரீவேர்ல்ட் என்ற நிறுவனம், சாம்பலிலிருந்து காசு பொறுக்குவதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. அமெரிக்கர்கள் ஆண்டுக்கு 6 கோடியே 80 லட்சம் டாலர் வரை சில்லறையைக் குப்பையில் போடுகிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் கணிப்பு.

இப்போது சென்ட் காசே நின்றுவிட்டது. ஒரு சென்ட் செய்ய 3.69 சென்ட் செலவாகிறது என்று கணக்குப் பார்த்து, 2025 நவம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியாவில் புழக்கத்துக்கான கடைசிக் காசை அடித்தார்கள். 1793இல் தொடங்கிய வரிசை அது. இனி வீட்டு ஜாடிகள் பச்சைப் பெட்டியை நோக்கி நடையைக் கட்டும் என்று எதிர்பார்க்கலாம். தட்டு வேட்டைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். சில்லறையை வாங்கிக்கொள்ளும் பெட்டிக்குப் பதில், சில்லறையைக் கொடுக்கும் பெட்டியை நாம் வைக்கிறோம்! 2023இல் ரிசர்வ் வங்கி 12 நகரங்களில் முன்னோட்டமாக அறிவித்தது, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து யுபிஐ மூலம் பணம் கட்டினால் காசு கொட்டும் இயந்திரம். பஸ்ஸில் சில்லறைக்கு நடத்துநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கையில் கிடைத்தால்...

அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் களத்தில் இறங்கக்கூடும் என்பதால் இரண்டு வார்த்தை. முதலில் சுற்றும் முற்றும் பாருங்கள். காசுக்குச் சொந்தக்காரர் இன்னும் கல்லாவில் சீட்டோடு நின்றுகொண்டிருக்கலாம். அப்படியானால் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவதுதான் முறை. யாருமில்லை என்றால் கடை ஊழியரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பது உத்தமம்.

எடுத்த காசின் விளிம்பைப் பாருங்கள். புதுக்காசின் விளிம்பில் நடுவே செம்புக் கோடு ஓடும். வெள்ளிக்காசின் விளிம்பு முழுக்க வெளுப்பாக இருக்கும். டைமில் 118, குவார்ட்டரில் 119 என்று விளிம்பில் வரி வெட்டியிருப்பார்கள், எண்ணிப் பார்க்கப் பொறுமை இருந்தால் எண்ணுங்கள். மேஜை மேல் லேசாகத் தட்டிக் கேளுங்கள். வெள்ளி கணீரென்று நீண்டு ஒலிக்கும், புதுக்காசு டக்கென்று அடங்கிவிடும். பிறகு ஆண்டு, நாணயச் சாலையைக் காட்டும் சின்ன எழுத்து, கடைசியாகக் காந்தம்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவோ மாமியாரோ ‘கறுத்துக் கிடக்கே’ என்று குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டோ, வெள்ளிக் கிண்ணத்தோடு சேர்த்து விபூதி போட்டோ தேய்த்துவிடப் போகிறார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குச் சேகரிப்பாளர் பாதி விலைகூடக் கொடுக்க மாட்டார்!